உப்புக்கு உத்தரவு

அன்புள்ள சின்னவளுக்கு,

உன் அத்தான் எழுதிக்கொள்வது. இங்கு நான் நலம். உன் அக்காவும் நலம் என்றுதான் எழுத வேண்டும். எழுதியும்விட்டேன், நீ படித்தும்விட்டாய், இனி அடிக்க முடியாது. சகலைக்கு முழங்கால் வலி தேவலையா என்று நான் விசாரித்ததாகச் சொல். நீ தலைமை ஆசிரியையாக இருந்தவள், இந்தக் கடிதத்தையும் சிவப்பு மையால் திருத்தாமல் உன்னால் படிக்க முடியாது. சந்திப்பிழை இருந்தால் திருத்திக்கொள். விஷயத்தைத் திருத்தப் பார்க்காதே. அதற்குப் பயந்துதான் போனில் பேசாமல் எழுதுகிறேன். போனில் நீ ஆரம்பித்தால் எனக்கு 'ம்' கொட்ட மட்டும்தான் இடம் கிடைக்கிறது.

உன் அக்காவைச் சேர்க்கச் சொல்லி நீ அனுப்பிய முதியோர் காப்பக விண்ணப்பம் வந்து சேர்ந்தது. மூன்று இடங்களில் பென்சிலால் பெருக்கல் குறி போட்டு, 'அத்தான் இங்கே கையெழுத்து' என்று, ஏதோ மூன்றாம் வகுப்புப் பிள்ளைக்குச் சொல்வதுபோல் எழுதியிருக்கிறாய். நான் போடப் போவதில்லை. மாடிவீட்டுத் தையல்காரம்மா உனக்குப் போன் போட்டு, "உங்க அத்தான் வீட்டையே கொளுத்திடுவாரு போலிருக்கு" என்று சொன்னாளாமே. கொளுத்தவில்லை. ஒரு பாத்திரம் கருகியது. சரி, இரண்டு. ஜன்னல் திரையைக் கணக்கில் சேர்க்கக் கூடாது, அது ஏற்கெனவே பழசு. நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். படித்துவிட்டு நீயே தீர்ப்புச் சொல். என்ன தீர்ப்பு வந்தாலும் கையெழுத்து மட்டும் கிடையாது.

உன் அக்கா எப்படிச் சமைப்பாள் என்று உனக்குத் தெரியும். அடுப்பைப் பற்றவைக்கும் முன்னால் மேடையில் வலது கையை ஊன்றி, கண்ணை மூடி, அரை நிமிஷம் நிற்பாள். கல்யாணமான புதிதில், மயக்கம் வருகிறதோ என்று நான் தண்ணீர்ச் சொம்போடு ஓடியிருக்கிறேன். "ஒண்ணுமில்ல, உத்தரவு வாங்கறேன்" என்றாள். யாரிடம் என்று கேட்டால் ஒரு விரலை மேலே காட்டினாள். நானோ குடிநீர் வாரியத்துப் பரிசோதனைக் கூடத்தில் முப்பத்து நான்கு வருஷம் சொட்டு எண்ணிப் பிழைத்தவன். ஒரு சொட்டு கூடினால் சோதனைக் குழாயில் நிறம் மாறும், நிறம் மாறினால் பாதி நகரத்துக்குத் தண்ணீரை நிறுத்த வேண்டிவரும். எனக்கு உத்தரவு என்றால் எண், தேதி, மேலதிகாரி கையெழுத்து மூன்றும் வேண்டும். "நகல் ஒண்ணு எனக்கும் குடு, ஃபைல்ல போட்டு வைக்கறேன்" என்று முப்பத்தெட்டு வருஷம் கிண்டல் செய்திருக்கிறேன். அவள் பாட்டுக்கு டப்பாவுக்குள் கையை விட்டு அள்ளிப் போடுவாள். கரண்டி கிடையாது, அளவு கிடையாது. உப்பு ஒரு நாள் கூடினதாகவோ குறைந்ததாகவோ எனக்கு ஞாபகமில்லை.

ஐந்து மாதத்துக்கு முன் ஒரு காலையில் அப்படிக் கண்ணை மூடி நின்றவள் பத்து நிமிஷமாகத் திறக்கவில்லை. நான் பேப்பரை மடித்துவிட்டுப் போய்ப் பார்த்தேன். கண்ணைத் திறந்து, "நான் எதுக்கு இங்க நிக்கறேன்?" என்றாள். அதுவரை சாவியையும் பக்கத்து வீட்டார் முகத்தையும்தான் மறந்துகொண்டிருந்தாள். அன்றைக்கு அடுப்பை மறந்தாள். அன்றிலிருந்து சமையலறை என் பொறுப்பு.

எனக்குத் தெரிந்த வழியில் ஆரம்பித்தேன். நாற்பது பக்க நோட்டு ஒன்று வாங்கிக் கோடு போட்டு, அரிசி நூற்றைம்பது கிராம், நீர் முந்நூற்று எழுபத்தைந்து மில்லி, உப்பு இரண்டு புள்ளி நான்கு கிராம் என்று எழுதி, தினமும் ஒரே மாதிரி செய்தேன். பரிசோதனையில் ஒரு குற்றம் சொல்ல முடியாது. அவள் ஒரு வாய் வைத்துவிட்டுத் தட்டை நகர்த்தினாள். "ஆஸ்பத்திரில இருந்து என்னை எப்ப விடுவாங்க?" என்று கேட்டாள். மூன்று மாதத்தில் ஆறு கிலோ இறங்கிவிட்டாள், சின்னவளே. வளையல் முழங்கை வரைக்கும் ஏறி இறங்குகிறது. டாக்டர் எடை பார்க்கும் கருவியைக் காலால் ஓரமாகத் தள்ளிவிட்டு, "மாத்திரையெல்லாம் அப்புறம் சார், முதல்ல சாப்பிட வையுங்க" என்றார்.

அதற்குப் பிறகு நான் செய்ததை எழுத வெட்கமாக இருக்கிறது. ஆனாலும் தையல்காரம்மா ஏற்கெனவே சொல்லியிருப்பாள். அவள் முந்திக்கொண்டதில் என் மானம் போனது போனதுதான். அளந்து போட்டது செல்லவில்லை, சரி, உன் அக்கா வழியிலேயே கேட்டுப் பார்ப்போம் என்று முடிவு செய்தேன். எனக்குக் கேட்கத் தெரியாதே. கைப்பேசியில் தேடினேன். ஒரு பெரியவர் வெள்ளை நாற்காலியில் உட்கார்ந்து, "மனதைக் காலி செய்யுங்கள். கை தானாகப் போகும். உள்ளே இருப்பவர் வழிகாட்டுவார்" என்று தேனொழுகச் சொன்னார். நானும் அடுப்பில் பருப்பை வைத்துவிட்டு மேடையில் கை ஊன்றிக் கண்ணை மூடி மனதைக் காலி செய்தேன். முதல் தடவை என்பதால் அது காலியாகக் கொஞ்சம் நேரம் பிடித்தது. மனது காலியானபோது பாத்திரத்தில் தண்ணீரும் காலி. முதல் பாத்திரம் அதுதான். மறுநாள் கண்ணை முக்கால்வாசி மட்டும் மூடிக்கொண்டேன், கை தானாகப் போயிற்று, போய்ச் சோடா உப்பு டப்பாவில் விழுந்தது. பருப்பு நுரைத்துப் பொங்கி, மேடையில் வழிந்து, தரைக்கு இறங்கி, வாசலை நோக்கிக் கிளம்பியது. அது ஏன் பொங்கியது என்று எனக்குச் சமன்பாடே எழுதத் தெரியும். உள்ளே இருப்பவர் ஏன் அந்த டப்பாவைக் காட்டினார் என்பதற்குத்தான் விளக்கம் கிடைக்கவில்லை. மூன்றாம் நாள் பொறுமை போய், அண்ணாந்து பார்த்து, "உப்பு எவ்வளவுதான் போடறது? சொல்லித் தொலையுமேன்!" என்று சத்தமாகவே கேட்டேன். மேலேயிருந்து பதில் வந்தது. "உப்பு வேணுமா சார்? இருங்க, தரேன்!" தையல் மிஷின் சத்தம் நின்றது. கொஞ்ச நேரத்தில் ஜன்னலுக்கு வெளியே ஒரு கயிறு, கயிற்றின் நுனியில் பை, பைக்குள் உப்புப் பொட்டலம். வாழ்நாளில் எனக்கு மேலிருந்து நேராக இறங்கிய வழிகாட்டுதல் அது ஒன்றுதான். அதை எட்டி வாங்கப் போனபோது தோளில் கிடந்த துண்டின் நுனி அடுப்பில் பட்டு, துண்டிலிருந்து திரைக்குப் போய்விட்டது. ஒரு வாளித் தண்ணீரில் அணைத்தேன். அந்தத் தண்ணீர் பட்டும் அடுப்பு அணையாமல் இரண்டாவது பாத்திரத்தை முடித்துவிட்டது.

புகைக்கு நடுவில் நான் இருமிக்கொண்டு நிற்கும்போது உன் அக்கா வந்தாள். இடுப்பில் கை வைத்து, என்னைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தாள்.

"யாருப்பா உன்னைச் சமையலுக்கு வச்சது?"

நான் விளையாட்டாகப் பேசுகிறாள் என்று நினைத்தேன். விளையாட்டு இல்லை. அவள் கண்ணில் நான் இல்லை.

"ஐயாதான் வச்சாரும்மா" என்றேன். வேறு என்ன சொல்வது?

"அவருக்கு ஆள் பாத்து வைக்கத் தெரியாது. முன்னப்பின்ன அடுப்பு பாத்திருக்கியா நீ?"

"இல்லம்மா."

"மூஞ்சியப் பாத்தாலே தெரியுது. சரி, முதல்ல ஜன்னலத் தொற. பாவம், புள்ளகுட்டிக்காரனா இருப்ப."

ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டாள். எனக்குச் சொல்லித்தர அவளுக்கு ஒன்றும் ஞாபகமில்லை. ஆனால் தப்பு மட்டும் பளிச்சென்று தெரிகிறது. "காயை இப்படியா கொலை பண்ணுவ? ஒரே அளவா நறுக்கு." "கிண்டாத, கிண்டாத, அதுக்கு மூச்சு முட்டும்." அன்றைக்கு நான் வதக்கிய உருளைக்கிழங்கைத் தட்டில் வாங்கி, ஒரு வாய் தின்று முகம் சுளித்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். எதிரில் புதிதாக வேலைக்கு வந்த ஒரு கிழவன் கையைப் பிசைந்துகொண்டு நிற்கிறான். அவன் மனசு கஷ்டப்படக் கூடாதென்று அவ்வளவையும் தின்று முடித்தாள். உன் அக்கா அப்படிப்பட்டவள். புருஷனுக்காகச் சாப்பிடாதவள் சமையல்காரனுக்காகச் சாப்பிட்டாள். அன்றிலிருந்து நான் சமையல்காரன்.

இதில் ஒரு சௌகரியமும் இருக்கிறது, ஒரு சங்கடமும் இருக்கிறது. அவள் சமையல்காரனிடம் மனசு விட்டுப் பேசுகிறாள். ஒரு நாள் நான் கீரை ஆய்ந்துகொண்டே, "ஐயா எப்படிம்மா?" என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

"நல்லவருதான். தண்ணிய டெஸ்ட் பண்ற ஆபீஸ். வாயத் தொறந்தா நம்பர்தான் வரும்."

"உங்க சமையல் அவருக்குப் புடிக்குமாம்மா?"

அவள் கீரைக் காம்பு ஒன்றை எடுத்து ஒடித்து ஒடித்துச் சின்னதாக்கினாள்.

"தெரியலப்பா. முப்பத்தெட்டு வருஷமா தட்டு காலியாத்தான் வருது. நல்லாருக்குன்னு ஒரு நாள் சொன்னதில்ல. நல்லா இல்லன்னும் சொன்னதில்ல. வெறும் தட்டப் பாத்து என்னத்த தெரிஞ்சுக்கறது?"

நான் சொல்லாமலா இருந்தேன்? சொல்லியிருப்பேன் என்றுதான் இத்தனை நாளும் நினைத்திருந்தேன். உட்கார்ந்து யோசித்துப் பார்த்தேன் சின்னவளே, ஒரு நாள்கூட அகப்படவில்லை.

"புடிக்கும்மா. என்கிட்ட சொன்னாரு" என்றேன்.

"உன்கிட்டயா? உனக்கு அவரைத் தெரியுமா?"

"கொஞ்சம் பழக்கம்."

"அத என்கிட்ட சொல்றதுக்கு என்னவாம்?"

நான் அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டு, "வெங்காயம் கண்ணைக் கரிக்குதும்மா" என்றேன். அன்றைக்குச் சமையலில் வெங்காயம் இல்லை. நல்ல வேளை, அவள் கவனிக்கவில்லை.

பேச்சை மாற்ற வேண்டி உத்தரவு விஷயத்தைக் கேட்டேன். "மேல இருக்கறவரு சொல்றது உங்களுக்குக் குரலாவே கேக்குமாம்மா?"

"குரலெல்லாம் ஒண்ணும் கெடையாது. எவ்வளவுன்னு கேட்டுட்டுச் சும்மா நிக்கணும். போட்டுட்டே இருக்கறப்ப கை நிக்கும். அதான் உத்தரவு."

"கை நிக்கலன்னா?"

"அன்னிக்கு உப்பு கூடும். அவருக்கு மட்டும் வேற வேல இருக்காதா? எப்பப் பாத்தாலும் நம்ம அடுப்பயே பாத்துட்டு நிப்பாரா?"

அந்தப் பெரியவர் வெள்ளை நாற்காலியில் உட்கார்ந்து மணிக்கணக்காகப் பேசியும் எனக்கு விளங்காதது இதில் விளங்கியது. நான் இதுவரை கேட்டதெல்லாம் பதில் வருகிறதா என்று சோதிக்கத்தான். உப்பு எவ்வளவு என்று தெரிந்துகொள்ள ஒரு நாளும் கேட்கவில்லை.

இனி போன வியாழக்கிழமை விஷயம். தையல்காரம்மா இதையும் சொல்லியிருப்பாள், பாதிதான் அவளுக்குத் தெரியும். காலை பதினொரு மணி இருக்கும். நான் குளித்துவிட்டு வந்தால் வாசற்கதவு திறந்து கிடக்கிறது. உன் அக்கா இல்லை. ஈரத் தலையோடு ஓடினேன். தையல்காரம்மா ஊசி குத்திய துணியைக் கழுத்தில் போட்டபடி பின்னால் ஓடிவந்தாள். மருந்துக்கடைக்காரர் பார்க்கவில்லை. பேருந்து நிறுத்தத்தில் இல்லை. தெருமுனையில் சாலை இரண்டாகப் பிரியும், உனக்குத் தெரியும், வலப்பக்கம் காய்கறிச் சந்தை, அவள் முப்பது வருஷம் நடந்த வழி. புத்தி வலப்பக்கம் என்றது. தையல்காரம்மாவும் "சந்தைக்குத்தான் சார் போயிருப்பாங்க, வாங்க வாங்க" என்று என் சட்டையைப் பிடித்து இழுத்தாள். நான் அசையாமல் நின்றேன். கண்ணைக்கூட மூடவில்லை. எங்கே என்று மட்டும் கேட்டேன். நிஜமாகவே தெரியாமல் கேட்டேன். கால் இடப்பக்கம் திரும்பியது. அந்தப் பக்கம் பெரிய சாலையை இரண்டு இடத்தில் கடந்து ஒன்றரைக் கிலோமீட்டர் போனால் எங்கள் பழைய பரிசோதனைக் கூடம். நான் ஓய்வு பெற்று ஆறு வருஷமாகிறது, அந்தப் பக்கமே போவதில்லை.

வாட்ச்மேன் கூண்டுக்குள் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். மடியில் சாப்பாட்டுப் பாத்திரம். வாட்ச்மேன் புதியவர், என்னைத் தெரியாது. "ஐயா மீட்டிங்ல இருக்காரு, உக்காருங்கம்மான்னு சொல்லி வச்சிருக்கேன் சார். வேற என்ன சொல்றதுன்னு தெரியல" என்றார். அந்த மனிதர் நன்றாக இருக்கட்டும்.

என்னைப் பார்த்ததும் உன் அக்கா, "நீயும் வந்துட்டியா? நல்லதாப் போச்சு. சாப்பாடு ஆறுதுப்பா, உள்ள போயிக் குடுத்துட்டு வா. பசி தாங்கமாட்டாரு" என்றாள்.

வாங்கிக்கொண்டு கட்டடத்தின் பின்பக்கம் போனேன். முன்பு புட்டிகள் கழுவிய தொட்டி இருக்கும் இடம். மூடியைத் திறந்தேன். கழுவிய அரிசி, வேகாதது, கொஞ்சம் தண்ணீரோடு. அதன்மேல் தோல் சீவாத முழு உருளைக்கிழங்கு ஒன்று. நான் தொட்டி விளிம்பில் உட்கார்ந்து ஒரு பிடி அள்ளி வாயில் போட்டு மென்றேன். பல்லுக்கு மசியவில்லை. ஆனால் ஒன்று சொல்கிறேன், உப்பு போட்டிருந்தாள். சரியாக இருந்தது. ஒரு கல் கூடவில்லை, குறையவில்லை.

மீதியைப் புறாக்களுக்குப் போட்டுவிட்டு, கிழங்கைச் சட்டைப் பையில் திணித்துக்கொண்டு வந்தேன். அவள் மூடியைத் திறந்து பார்த்தாள்.

"சாப்பிட்டாரா?"

"சாப்பிட்டாரும்மா. நல்லாருக்குன்னு உங்ககிட்ட மறக்காம சொல்லச் சொன்னாரு."

"அப்படியா சொன்னாரு? அவர் வாயாலயா?"

"அவர் வாயாலதாம்மா."

அவள் முகத்தை நீ பார்த்திருக்க வேண்டும். வீடு வரைக்கும் என் கையைப் பிடித்துக்கொண்டு, எதிரில் வந்தவர்களிடமெல்லாம் அதைச் சொல்லிக்கொண்டே நடந்தாள். நான் கிழங்கு துருத்திய பையோடு பக்கத்தில் நடந்தேன். இத்தனை சுலபமான வேலையை ஒரு மனிதன் முப்பத்தெட்டு வருஷம் செய்யாமல் இருந்திருக்கிறான் பார்.

ஆகவே சொல்கிறேன். எடை எண்ணூறு கிராம் ஏறியிருக்கிறது. கதவின் உட்புறம், அவளுக்கு எட்டாத உயரத்தில் புதிய தாழ்ப்பாள் போட்டுவிட்டேன். நான் சமைப்பதை இப்போது சோறு என்று சொல்லலாம். கேட்டுவிட்டுத்தான் உப்புப் போடுகிறேன், சில நாள் கை நிற்கிறது. அவளைத் தெரியாதவர்கள் கையில் நான் கொடுக்க மாட்டேன். நான் இருக்கும்வரை அவள் என்னோடுதான், இந்த வீட்டில்தான். நீ சொன்னபடி சனிக்கிழமை வர வேண்டாம். வந்தால் அக்காவைப் பார்க்க வா, விண்ணப்பத்தோடு வராதே.

நீயும் சகலையும் நோய்நொடி இல்லாமல், ஒருவர் பெயர் ஒருவருக்கு மறக்காமல் நெடுநாள் இருக்க வேண்டும் என்று ஆசீர்வதிக்கும்,

உன் அத்தான்.

பி.கு.: மேலே எழுதியது ஞாயிற்றுக்கிழமை. திங்கட்கிழமை காலை இதைத் தபாலில் போடுவதற்காக வாசலில் இறங்கினேன். பத்தடி போயிருக்க மாட்டேன், பின்னால் தாழ்ப்பாள் விழும் சத்தம் கேட்டது. உயரத்தில் போட்ட தாழ்ப்பாள்தான். ஸ்டூல் போட்டு ஏறியிருக்கிறாள். உள்ளே அடுப்பில் பால்.

கதவைத் தட்டினேன். "யாரு?" என்றாள். "நான்தான், உன் புருஷன்" என்றேன். "அவரு ஆபீஸ் போயிருக்காரு. அவர் குரல் எனக்குத் தெரியாதா? மரியாதையாப் போயிடு" என்றாள். எத்தனையோ சொன்னேன். எங்கள் கல்யாணத்தன்று மழை பெய்ததைச் சொன்னேன், உன் பெயரைச் சொன்னேன். அவள் பயந்து அழவே ஆரம்பித்துவிட்டாள். ஜன்னல் வழியாகக் கருகல் வாசனை வந்தது, அப்புறம் பால் பொங்கி அடுப்பை அணைத்துவிட்டதோ என்னவோ, எரிவாயு வாசனை. தையல்காரம்மா கத்தரிக்கோலோடு நிற்கிறாள், அதை வைத்து என்ன செய்வதென்று அவளுக்கும் தெரியவில்லை. நான் கதவில் நெற்றியை வைத்து, என்ன சொல்லட்டும் என்று கேட்டேன். இந்தத் தடவை மனதைக் காலி செய்ய வேண்டியிருக்கவில்லை. அதில் வேறு ஒன்றும் இல்லை.

"அம்மா, சமையல்காரன் வந்திருக்கேன்" என்றேன்.

உடனே திறந்தாள். "நல்ல நேரத்துல வந்தப்பா. எவனோ ஒருத்தன் அவர் பேரைச் சொல்லிக் கதவத் தட்டறான்" என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள். நான் முதலில் போய் எரிவாயுவை மூடினேன். ஜன்னல்களைத் திறந்துவிட்டு, ரொம்ப நேரம் அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்திருந்தேன்.

அன்றைக்கு அவள் திறந்தாள். இன்னொரு நாள் சமையல்காரனையும் மறந்துவிட்டால், நான் வெளியே, அவள் உள்ளே. ஒரு ஆள் போதாது, சின்னவளே. நீ சொன்னது சரி. மூன்று இடத்திலும் கையெழுத்துப் போட்டு இதோடு வைத்திருக்கிறேன். மேலே எழுதியதை அடிக்கவில்லை, எழுதும்போது அது நிஜமாகத்தான் இருந்தது.

காப்பகத்துக்கு நானே போன் செய்தேன். நல்ல உடம்போடு இருக்கும் புருஷன்மார்களைச் சேர்த்துக்கொள்வதில்லையாம். வேறு எதற்காவது ஆள் எடுக்கிறீர்களா என்று கேட்டேன். சமையலறையில் காய் நறுக்க ஒருவர் தேவையாம், பின்கட்டில் ஓர் அறையும் தருவார்களாம். எனக்கு ஒரே அளவாக நறுக்க வரும் என்றேன். முன்பு வேலை பார்த்த வீட்டில் யாராவது உங்களைப் பற்றிச் சொல்வார்களா என்று மேலாளர் அம்மா கேட்டார். உன் அக்கா பக்கத்தில்தான் இருந்தாள். கைப்பேசியை அவளிடம் நீட்டினேன்.

"சமையல் சுமார்தான்" என்றாள். "ஆனா நல்ல மனுஷன். எங்களோட ரொம்ப நாளா இருக்கான். அனுப்ப எனக்கு மனசே இல்ல. நீங்க எடுத்துக்கிட்டா, என்னையும் அங்கயே கூட்டிட்டுப் போகச் சொல்லுங்க."

சனிக்கிழமை வண்டியோடு வந்துவிடு.